அமுக்கியதும் குதிக்காத கரடி

"கண்ணு, போன்லயே சாமான் வரவெக்கறீங்களே, அதுல டிவி கேம் கெடைக்குமா?" என்று ரூபி அக்கா கேட்டார்.

கிடைக்கும் என்றேன். ஷெர்வினுக்கா என்று கேட்டேன். ஷெர்வின் அவருடைய மகன், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான்.

"அவனுக்கு எதுக்கு? அவன் பொழுதன்னிக்கும் போன்ல எதையாச்சும் சுட்டுட்டுக் கெடக்கறான். எனக்குத்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய மாதிரி வேண்டும், சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும், மேலே கேசட் செருகுவார்கள், ஒயரோடு இரண்டு ரிமோட் வரும் என்று கையால் அளவு காட்டினார். அந்தப் பெட்டி இப்போது வருவதில்லை, அதைப் போலவே புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றேன்.

"அதே மாதிரின்னா, அமுக்குனா அதே மாதிரி குதிக்குமில்ல?"

குதிக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அதில் கரடி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என்ன கரடி என்றேன். மரப்பாலத்தின் மேல் ஒரு கரடி ஓடும். அதன் காலடியில் பலகைகள் விரிசல் விடும். எந்தப் பலகை எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. விரிசல் தெரிந்த உடனே பொத்தானை அமுக்கினால் அடுத்த பலகைக்குத் தாவும், தவறினால் ஆற்றில் விழும். அந்த ஆட்டத்தின் பெயர் யாருக்கும் தெரியாது, கேசட்டின் மேல் ஜப்பான் எழுத்துதான் இருந்தது என்றார்.

படங்களைத் தள்ளிக்கொண்டே போனதில் ஒரு பெட்டியின் விளம்பரத்தில் கரடி இருந்தது. அக்கா என் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இவனேதான்" என்றார். பிறகு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மாமாகிட்டச் சொல்லாத" என்றார்.

நாகலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் ரூபி அக்கா. பத்து வருடங்களுக்கும் மேலாக அவர் பள்ளி வேன் ஓட்டினார். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தும் சுற்றியுள்ள வீடுகளில் இருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய் இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருவார். நானும் அந்த வேனில் போய்த்தான் படித்தேன். பனி இறங்கிய நாட்களில் அவர் பாட்டை நிறுத்திவிடுவார், கண்ணாடியை இறக்கிவிடுவார், எங்களையும் வாயை மூடச் சொல்வார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது காதில் விழவேண்டும். ஒருமுறை அப்படிப் போகும்போது காப்பிச் செடிகளுக்குள் இருந்து ஒரு காட்டெருமை நேராக ரோட்டுக்கு வந்தது. வேன் நின்றது. பின்னால் இருந்த யாரும் முன்னால் போய் இடித்துக்கொள்ளவில்லை. எருமை எங்களைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகக் கடந்து போனது. அக்கா, "அவருக்கு ஆபீசுக்கு நேரமாச்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

போன ஐப்பசி மழையில் ஒரு காலை, வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரின் வலது கையில் இருந்து வாளி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவருக்குக் கை மடங்கவில்லை. கூப்பிட்டால் வாய் குழறியது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அவருடைய கணவர் செபாஸ்டின் மாமா அதே வேனில் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னாராம். பேச்சு உடனே திரும்பிவிட்டது. கையும் காலும் மெதுவாகத் திரும்பின. வேனை மாரமங்கலத்துச் சக்திவேல் ஓட்டத் தொடங்கினான்.

பங்குனியில் கடைசியாகப் பரிசோதித்தபோது, இனி வண்டி ஓட்டலாம் என்றார் மருத்துவர். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டலாமா என்று அக்கா கேட்டிருக்கிறார். உங்களுக்கே நம்பிக்கை வரும்போது ஓட்டுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த நம்பிக்கையை எங்கே போய் வாங்குவது என்பதுதான் அக்காவின் சிக்கல். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் அவரிடம் யாரும் உண்மை பேசவில்லை. கையில் இருந்து கரண்டி விழுந்தால், "கரண்டி நொம்ப வழவழன்னு இருக்குது" என்பார் மாமா. கோயிலில் எல்லோரும், முன்பைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்றார்கள். சக்திவேல்கூட, நாளைக்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றான். கோயில் மைதானத்தில் அக்கா வேனை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். ஓடியது. மெதுவாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. எருமை குறுக்கே வரும்போது கையும் காலும் என்ன செய்யும் என்பதல்லவா தெரியவேண்டும்? அதை ரோட்டில் சோதித்துப் பார்க்க முடியாது. அப்போதுதான் அவருக்குக் கரடி ஞாபகம் வந்திருக்கிறது. சிறு வயதில் அவர் நான்கு பாலம் தாண்டுவார். இந்தக் கையால் இப்போது எத்தனை தாண்ட முடிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

பார்சல் ஏற்காட்டுக்கு வந்தது. அலுவலகத்தில் இருந்து திரும்பும்போது எடுத்துவந்தேன். அட்டையைப் பிரித்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. அதே சிவப்பு, அதே வெள்ளை, அதே மூலைகள். தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது" என்றார். கேசட் செருகும் மூடி திறந்தது. உள்ளே இடம் இல்லை, வெறும் பிளாஸ்டிக். எல்லா ஆட்டங்களும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. அட்டையில் அறுநூறு என்று போட்டிருந்தது. ஆனால் ஒரே ஆட்டம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தது. ரிமோட்டுக்கு ஒயர் இல்லை. பாட்டு ஏதோ சளி பிடித்தவர் பாடுவதுபோல் இருப்பதாக அக்கா சொன்னார். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. கரடி வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் பாலத்திலேயே கரடி ஆற்றில் விழுந்தது. மறுபடி ஆடினார். மறுபடி விழுந்தது. பழக்கம் விட்டுப்போய்விட்டது, நாளை வரும் என்றார்.

மறுநாளும் வரவில்லை. மாமா எஸ்டேட்டுக்குப் போனதும் ஆடுவார். மாலையில் நான் போய் எட்டிப்பார்த்தால் பெட்டி துணி போட்டு மூடியிருக்கும். எதுவும் கேட்கமாட்டேன். ஒருநாள் அவரே, "மொதப் பாலங்கூடத் தாண்டல" என்றார். அந்த வாரமே சக்திவேலைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேனை அவன் பெயருக்கே மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாமா எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நானும் அதில் ஆடிப் பார்த்திருந்தேன். அமுக்கிய பிறகுதான், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கரடி குதிப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு இந்த ஆட்டங்கள் எப்போதும் வந்ததில்லை. ஆகவே வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கிறது, ஆனால் பொத்தானை அமுக்குவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கிறது என்றார்கள். ஒயர் இல்லாத ரிமோட் கொஞ்சம் தாமதிக்கிறது, உள்ளே இருக்கும் சிப் பழைய பெட்டியைப் போல நடிப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது, தட்டையான புது டிவி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது என்று ஒருவர் விளக்கியிருந்தார். இன்னொருவர், என் வயதுதான் காரணம் என்று ஒரு மாதம் வருந்திக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார்.

ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "அவங்களுக்கெல்லாம் கை நல்லா இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். பிறகு என் தலையைத் தடவி, "நீயும் கரண்டி வழுக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்ட" என்றார்.

வைகாசியில் ஒரு ஞாயிறு மதியம், மாரமங்கலத்தில் இருந்து பாவாயி அம்மாவும் அவர் மகள் மேகலாவும் அக்காவைப் பார்க்க வந்தார்கள். மலையில் தலைமுறைகளாக விவசாயம் பார்க்கும் குடும்பம். ஒரு பையில் பலாச்சுளை, ஒரு பையில் ராகி மாவு. உடம்புக்கு முடியாமல் போன செய்தியே சக்திவேல் சொல்லித்தான் தெரியும், இத்தனை நாள் சொல்லவில்லையே என்று பாவாயி அம்மா வருத்தப்பட்டார். மேகலா வருத்தப்படவில்லை. அக்காவின் வயதுதான் அவருக்கும். வந்ததும் அக்காவை மேலும் கீழும் பார்த்து, "வாயி கோணையாப் போச்சுன்னாங்க, நேராத்தான் இருக்குது. பேச்சுக் கொறையுமுன்னு பாத்தேன், அதுங்கூட இல்ல" என்றார். மாமாவின் முகம் சுருங்கியது. அக்கா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

மாமா காப்பி போட உள்ளே போனார். பாவாயி அம்மாவின் கண் அப்போதுதான் டிவிக்குக் கீழே, துணி விலகியிருந்த பெட்டியின் மேல் போனது.

"ஏஞ் சாமி, இது எப்படி இங்க வந்துச்சு? நம்மூட்டுப் பரண்லயல்ல இருக்குது?"

யாருக்கும் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் விஷயம் விளங்கியது.

அக்காவின் அம்மா தெரசம்மாள், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் கண்டிப்பானவர். சாம்பல் புதன் வந்தால் வீட்டில் இறைச்சி கிடையாது, பாட்டு கிடையாது, டிவி கேமும் கிடையாது. பெட்டியைப் பூட்டிவைத்தாலும் பிள்ளைகள் சாவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே பெட்டி வீட்டிலேயே இருக்கக்கூடாது என்று முடிவு செய்து, தெரிந்த குடும்பமான பாவாயி அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவர்களுக்குத் தவக்காலம் இல்லையே. நாற்பது நாளும் மேகலா ஆடித் தீர்ப்பார். ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் பலகாரத்தோடு போய்ப் பெட்டியைத் திருப்பி வாங்கி வருவார்கள். இது ஒவ்வொரு வருடமும் நடந்தது. நோன்பு இருந்த ரூபி நான்கு பாலத்தில் நின்றார். நோன்பு இல்லாத மேகலா ஐந்தாவதைத் தாண்டினார். அந்தப் போட்டியை இரண்டு பேரும் இன்னும் மறக்கவில்லை.

ஒரு வருடம் தவக்காலத்திலேயே தெரசம்மாள் இறந்துபோனார். அந்த ஈஸ்டருக்குப் பெட்டியை வாங்கப் போக யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருடம் அம்மா அதை அங்கே அனுப்பாமல் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று அக்கா பிற்பாடு நினைத்துக்கொண்டார். பாவாயி அம்மாவோ, சாவு நடந்த வீட்டுக்குக் கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கொடுக்கல் வாங்கல் இனி வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும், அவர்களாக வந்து வாங்கட்டும் என்று காத்திருந்தார். இரு பக்கமும் கல்யாணம், பிள்ளைகள் என்று ஆகி, அந்தக் காத்திருப்பு இருபது வருடத்துக்கும் மேலே போய்விட்டது.

இதற்குள் மேகலா புதுப்பெட்டியைத் தானே போட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். முதல் பாலத்தில் கரடி விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்ததும் ரிமோட்டைக் கட்டில் மேல் எறிந்தார்.

"இது கரடி இல்ல. கரடி வேசங் கட்டுன எருமை. அமுக்கி, அதுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சாத்தான் குதிக்குது."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "உனக்குமா விழுகுது?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்கென்ன கையில கோளாறா? மிசின்ல கோளாறு. ஏமாந்து வாங்கிருக்கற. நெசமான பொட்டி வேணுமுன்னா ஊட்டுக்கு வா."

நான் ஆங்கிலத்தில் படித்துச் சொன்னதை நம்பாதவர் இதை நம்பினார். மேகலா தன் வாழ்நாளில் அவரிடம் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுவாரம் பஸ் ஏறி மாரமங்கலம் போனோம். பாவாயி அம்மா பரணில் இருந்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை இறக்கினார். சிவப்பு மங்கியிருந்தது. வெள்ளை பழுப்பாகியிருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. அடுத்தவர் பண்டத்தைத் திருப்பித் தராமல் வைத்திருக்கிறோம், பூசையாவது போடவேண்டும் என்று, ஆயுத பூசை தோறும் அரிவாள், மண்வெட்டியோடு அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை துடைத்ததால் ஒரு பூச்சிகூட உள்ளே போகவில்லை. அரசாங்கம் முன்பு கொடுத்த கனமான டிவி மூலையில் இருந்தது. ஒயரைச் செருகியதும் கோடு கோடாக வந்து, பிறகு கரடி வந்தது.

முதலில் மேகலா ஆடினார். பேசிக்கொண்டே மூன்று பாலம் தாண்டினார். நான்காவதில் விழுந்துவிட்டு, வெங்காயம் உரித்த கை, வழுக்குகிறது என்றார். பிறகு ரிமோட்டை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா சேலை முந்தானையில் வலது கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டார். ஓடிய கரடி முதல் விரிசலில் தாவியது. அவர் அமுக்கியதும் தாவியது. நான் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. முதல் பாலம் முடிந்தது. பாவாயி அம்மா அடுப்படி வேலையை விட்டு வந்து நின்றார். இரண்டாவதும் முடிந்தது. அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. மூன்றாவதில் பாதி தூரத்தில் கரடி விழுந்தது. மறுபடி ஆடினார். மூன்றாவதிலேயே விழுந்தது. எத்தனை முறை ஆடியும் மூன்றாவதைத் தாண்ட முடியவில்லை.

யாராவது டிவி பழசு என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மேகலாதான் சொன்னார். "நீ விரிசல மொதல்லயே பாத்தர்ற. கண்ணு சரியாத்தான் இருக்குது. கைதான் கொஞ்சம் லேட்டு. ஆனா அந்த எருமை அளவுக்கு இல்ல."

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றார் அக்கா.

"ஒரு பாலம்."

அக்கா ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கட்டைவிரலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். போகும்போது பாவாயி அம்மா பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அக்கா வாங்கவில்லை, இங்கேயே இருக்கட்டும், வாரம் ஒருமுறை வந்து ஆடுகிறேன் என்றார். பரணில் வைப்பதற்கு நாற்பது நாள் என்றுதானே பேச்சு என்றார் மேகலா.

திரும்பும் பஸ்ஸில் நான் படித்த ஒன்றை அவரிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை அசல் இல்லை, ஜப்பான் பெட்டியைப் பார்த்து வேறு யாரோ செய்தவை. தெரசம்மாள் சேலத்துக் கடைவீதியில் வாங்கியதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் நகல்தான். இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "நகலா இருந்துட்டுப் போவுது. அமுக்குனா குதிச்சுதில்ல" என்றார்.

எனக்கு அது சரி என்று பட்டது. புதுப்பெட்டியைச் செய்தவர்கள் பழையதின் நிறத்தையும் மூலைகளையும் அளந்து அப்படியே செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் நகல் எடுத்தவர்கள், விரலுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். அது இல்லாமல் போனதும் மற்ற எல்லாம் வேஷம் ஆகிவிட்டது. பழையதைச் செய்த யாரோ ஒருவர், அசலுக்கு உரிமையே இல்லாதவர், அதை மட்டும் சரியாகச் செய்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சக்திவேலைக் கூப்பிட்டு, வேனை விற்கவில்லை, இன்னும் கொஞ்ச காலத்துக்கு நீதான் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்றார். அவனுக்கு ஏமாற்றம்தான், முகத்தில் தெரிந்தது. அதை மறைக்காமல் இருந்ததற்காக அக்கா அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். புதுப்பெட்டியைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். அதற்குரிய நாள் தாண்டியிருந்தது.

ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறந்தது. வாரக் கடைசியில் மாரமங்கலம் போய்வருவதை அக்கா விடவில்லை. மூன்றாவது பாலத்தின் முடிவு வரை வந்தாகிவிட்டது என்று ஒருமுறை சொன்னார். தாண்டியாகிவிட்டது என்று இன்னொருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது மகிழ்ச்சி இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பாலம் வேறு, ரோடு வேறு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பாலத்தில் விழுந்தால் கரடி மறுபடி எழுந்து வரும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சக்திவேல் வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போன பிறகு, அக்கா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். காலையில் நான் ஏற்காட்டுக்கு எந்த பஸ்ஸில் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். திங்கட்கிழமையில் இருந்து தினமும் காலையில், பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால், வேனை வெறுமையாக ஏற்காடு வரை ஓட்டிப் போய்த் திரும்பப் போகிறேன் என்றார். மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் சரிப்படாது, சக்திவேலும் வேண்டாம் என்றார். வண்டிக் கதவின் கைப்பிடியை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்கூட வர்றியா? முன்னால உக்காந்துக்கோ. எங் கையப் பாக்காத, ரோட்டப் பாரு. ஏதாச்சும் குறுக்க வந்து, நீ பயந்ததுக்கு அப்புறம் நான் பிரேக் புடிச்சேன்னா, அதைய எங்கிட்டச் சொல்லோணும். நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லீராத, கண்ணு."